பிக்சல் உடையும் என்னும் பயம்

பெரிய அளவில் ஒரு புகைப்படத்தை அச்சிட வேண்டுமானால் அதற்கேற்ற பெரிய மெகாபிக்சல் காமிரா வேண்டும் என்பதும், அச்சின் அகலம் கூடக் கூடக் காமிராவின் எண்ணும் கூடியே தீரவேண்டும் என்பதும், எந்த அச்சானாலும் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற விதியில் சிறிது குறைந்தாலும் படம் பாழ் என்பதும், இன்று காமிரா விற்கிறவர், வாங்குகிறவர், கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவர், பிளெக்ஸ் அடிக்கிறவர் ஆகிய எல்லாரிடத்திலும் வேதவாக்காக நிலைத்துவிட்ட அபிப்பிராயங்கள். இவற்றுள் முதலாவது பாதி தவறு. இரண்டாவது முழுத் தவறு. மூன்றாவதோ, வேறொரு தொழிலுக்கென்று ஏற்பட்ட விதியை, அதன் காரணம் மறந்துபோன பிறகு, எல்லாத் தொழிலுக்கும் பொருத்திப் பார்ப்பதனால் விளைந்த பிரமை. இதைச் சொல்வதற்கு நான் விஞ்ஞானி அல்லன். கழுத்தில் காமிராவைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைவதில் ஆயுளில் ஒரு பகுதியைச் செலவழித்தவன் என்ற அளவுக்கு மேல் எனக்கு யோக்கியதை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த விவகாரத்தைத் தீர்க்க விஞ்ஞானி வேண்டியதும் இல்லை; ஓர் அடிக்கோலும், பெருக்கல் வாய்பாடும், கொஞ்சம் தூரம் தள்ளி நின்று பார்க்கும் பொறுமையும் போதும்.

சென்ற ஆண்டு என் தமக்கையின் கணவருக்கு மணிவிழா வந்தது. சடங்கு திருக்கடையூரில், விருந்து மாத்திரம் சொந்தக் கிராமத்தில். பந்தலின் முகப்பில் நிறுத்தப் பத்தடி அகலமும் ஆறடி உயரமுமாக ஒரு பிளெக்ஸ் வேண்டும் என்று பிள்ளைகள் தீர்மானித்து, படத்துக்காக என்னிடம் வந்தார்கள். பல வருஷங்களுக்கு முன் ஒரு மாலை வேளையில், அத்தானும் அக்காளும் ஆற்றுப் படித்துறையில் உட்கார்ந்து, ஏதோ ஒரு பழைய சச்சரவைப் புதுப்பித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவிலேயே அதை மறந்து சிரித்துவிட்ட கணத்தில், நான் எடுத்துவைத்திருந்த படம் ஒன்று உண்டு. அதைக் காட்டிலும் பொருத்தமான படம் அந்தக் குடும்பத்தில் இல்லை என்பதில் யாருக்கும் ஆக்ஷேபணை இருக்கவில்லை. படத்தைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு பக்கத்து டவுனில் உள்ள பிளெக்ஸ் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன் இருந்த இளைஞர் அதைத் திறந்து பார்த்துவிட்டு, மரியாதையாகவே சொன்னார்: "சார், இது பன்னெண்டு மெகாபிக்சல்தான். பத்தடிக்குப் போட்டா பிக்சல் உடைஞ்சிடும். முன்னூறு டிபிஐ இருந்தாத்தான் நல்லா வரும். வேற போட்டோ இருந்தா குடுங்க சார்."

அவர் மேஜைமீது கிடந்த பில் புத்தகத்தின் பின்னட்டையிலேயே கணக்குப் போட்டேன். பத்தடி என்பது 120 அங்குலம்; அங்குலத்துக்கு 300 வீதம் 36,000 பிக்சல். ஆறடி என்பது 72 அங்குலம், அதற்கு 21,600. இரண்டையும் பெருக்கினால் 77 கோடியே 76 லட்சம் பிக்சல், அதாவது 777 மெகாபிக்சல். "தம்பி, இந்தக் காமிரா எந்தக் கடையில் கிடைக்கும்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். அப்போது அவருடைய திரையில் அதே பத்துக்கு ஆறு அளவில் யார் வீட்டுக் காதணி விழாவுக்கோ ஒரு பலகை பாதி தயாராகிக்கொண்டிருந்தது. அதன் அளவைக் கொஞ்சம் காட்டச் சொன்னேன். பெட்டியில் 10 அங்குலம், 6 அங்குலம், 300 என்று இருந்தது. "அடிக்கு ஒரு இஞ்சுன்னு வச்சுக்கிட்டு டிசைன் பண்ணிடுவோம் சார், மெஷின்ல பெருசாக்கிக்கும்" என்றார். அப்படியானால் அவருடைய கோப்பில் இருந்தது 3,000க்கு 1,800, மொத்தம் 54 லட்சம் பிக்சல். துணியில் ஏறும்போது அது அங்குலத்துக்கு 25. நான் கொண்டுபோன படமோ 4,288 பிக்சல் அகலம் உடையது; அதே பத்தடியில் அங்குலத்துக்கு 35க்கு மேல் வரும். என்னிடம் 777 மெகாபிக்சல் கேட்டவர், தம்முடைய கைவேலையில் ஐந்தரையைக்கூட எட்டாமல், ஊர் முழுதும் பலகைகளை நிறுத்தி, ஒருவரிடமிருந்தும் ஒரு புகாரும் பெறாமல் வாழ்ந்துகொண்டிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. நாவில் ஒரு சாஸ்திரமும் கையில் வேறொரு சாஸ்திரமும் வைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். கை அறிந்ததே மெய் என்பது என் கட்சி.

பூர்வபக்ஷத்தை அதன் வலிமை குன்றாமல் எடுத்துச் சொல்வதுதான் வாத மரியாதை. அவர்கள் சொல்வது இது: பிக்சல் என்பது படத்தின் அணு, அணு பெரிதாகிக் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் படம் படமாக இராமல் கட்டங்களின் கூட்டமாகிவிடும், சிறிய தாளில் மறைந்திருந்த அணு பெரிய தாளில் வெளிப்பட்டே தீரும், ஆகையால் பெரிய தாளுக்கு நிறைய அணுக்கள் வேண்டும், எத்தனை வேண்டும் என்பதற்கு அச்சுத் தொழில் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வந்திருக்கும் 300 என்ற எண்ணே பிரமாணம். கேட்பதற்கு எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது! இந்த வாதத்தில் ஒரே ஒரு பாத்திரம் விடுபட்டுப்போயிற்று. பார்க்கிறவன் எங்கே நிற்கிறான் என்பதை யாரும் கேட்கவில்லை.

முதலில் அந்த 300 எங்கிருந்து பிறந்தது என்று பார்ப்போம். பத்திரிகையில் புகைப்படம் அச்சிட வேண்டுமானால், மையில் சாம்பல் நிறம் என்று ஒன்று இல்லாமையால், படத்தை ஒரு சல்லடைக் கண்ணாடி வழியாக எடுத்து, இருளுக்குப் பெரும்புள்ளியும் ஒளிக்குச் சிறுபுள்ளியுமாக மாற்றிப் பிளாக் செய்வார்கள். இதற்குத்தான் ஹாஃப்டோன் என்று பெயர். தினப்பத்திரிகையின் முரட்டுக் காகிதத்துக்கு அங்குலத்துக்கு 85 கோடு கொண்ட சல்லடை. வழவழப்பான ஆர்ட் காகிதத்துக்கு 133, 150, சில சமயம் 175. பிறகு கம்ப்யூட்டர் வந்தபோது, ஒரு சல்லடைக் கோட்டுக்கு இரண்டு பிக்சல் இருந்தால் குறை வராது என்று கண்டு, 150ஐ இரண்டால் பெருக்கி 300 என்று வைத்துக்கொண்டார்கள். ஆர்ட் காகிதத்தில் ஆஃப்செட் முறையில் அடித்து, மடியில் வைத்துப் புரட்டும் புத்தகத்துக்கு ஏற்பட்ட விதி இது. சிவகாசியில் காலண்டர் அடிக்கிறவர் இதைச் சொன்னால் அதில் நியாயம் உண்டு. கையெட்டும் தூரத்தில் மாட்டுகிற காலண்டருக்கு அது ஒருவகையில் சரியும்கூட. ஹாஃப்டோன் சல்லடையே இல்லாமல், மைத்துளிகளைத் தெளித்துப் போகிற பிளெக்ஸ் மெஷினுக்கும், பந்தல் முகப்புக்கும், பஸ்ஸில் போகிறவன் பார்க்கும் விளம்பரப் பலகைக்கும் இதை விதியாக்குவது, வாசற்கதவுக்குப் பூஜையறைப் பூட்டைக் கொண்டுவந்து பூட்டுவது போன்ற காரியம்.

போதாக்குறைக்கு மற்றொரு குழப்பமும் இதில் சேர்ந்துகொண்டது. பிரிண்டரின் பெட்டிமேல் 1440, 2880 என்று போட்டிருப்பது அது ஓர் அங்குலத்தில் இடக்கூடிய மைத்துளிகளின் கணக்கு. ஒரே ஒரு பிக்சலின் நிறத்தைக் கொண்டுவர அது பல துளிகளைக் கலந்து இடவேண்டியிருக்கிறது. துளி வேறு, பிக்சல் வேறு. இரண்டையும் டிபிஐ என்ற ஒரே பெயரால் அழைத்ததனால், 2880 துளி போடும் மெஷினுக்கு 300 பிக்சலாவது கொடுக்க வேண்டாமா என்ற தர்மசங்கடம் அநேகருக்கு உண்டாகிவிட்டது.

இனிக் கண்ணுக்கு வருவோம். விவகாரத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. கண் டாக்டரின் அறையில் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையைப் பார்த்திராதவர் இல்லை. 1862இல் ஹெர்மன் ஸ்னெல்லன் என்ற டச்சு வைத்தியர் வகுத்த முறை அது. ஆறு மீட்டர் தூரத்திலிருந்து பழுதற்ற கண் படிக்கவேண்டிய வரியில், எழுத்தின் ஒரு கோட்டுக் கனம் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மில்லிமீட்டர்; அந்தத் தூரத்தில் அது கண்ணில் உண்டாக்கும் கோணம் சரியாக ஒரு கலை, அதாவது ஒரு பாகையை 60 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு. பஞ்சாங்கக்காரர் கிரகங்களின் நிலையைக் குறிக்கக் கையாளும் அதே கலைதான். ஒரு கலைக்குக் குறைவாக விலகி நிற்கும் இரண்டு கோடுகள் சாதாரண நல்ல கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும். இளவயதுக் கூரிய கண் சிலருக்கு இதிலும் சற்று நுட்பமாகப் பார்க்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பந்தலில் விருந்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மூக்குக்கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்கள் என்பதையும் எதிர்க்கட்சியார் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்த ஒரு கலையை வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்கினால், புத்தகம் படிக்கும் தூரமான 25 சென்டிமீட்டரில் அது அங்குலத்துக்கு 350 புள்ளி ஆகிறது. 300 என்ற விதி அங்கே கௌரவமாக நிற்கிறது. ஒரு மீட்டர் தூரத்துக்குப் பின்னால் நகருங்கள், 87 போதும். மூன்று மீட்டரில் 29. பத்து மீட்டரில் ஒன்பதுகூடத் தேவையில்லை. பந்தல் முகப்பில் நிற்கிற பத்தடிப் பலகையைப் பத்தடி தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு 29க்கு மேல் கொடுப்பதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. என் படித்துறைப் படம் 35 கொடுத்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

இதில் இன்னும் ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. அதைக் கண்டபோது நான் உண்மையாகவே வியந்துபோனேன். ஒரு படத்தை முழுப்படமாகப் பார்க்க விரும்புகிறவன், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, ஏறக்குறைய அதன் மூலைவிட்டத்தின் நீளமாவது பின்னால் தள்ளி நின்றுகொள்கிறான். தபால் கார்டைக் கையில் பிடிக்கிறோம். சுவரில் மாட்டிய படத்தை இரண்டெட்டு விலகிப் பார்க்கிறோம். கோபுரத்தைப் பார்க்கத் தேர்முட்டிக்கே போகிறோம். இப்படி மூலைவிட்டத்தின் தூரத்தில் நிற்கிறவனுடைய கண், அந்த மூலைவிட்டத்தில் பிரித்தறியக்கூடிய புள்ளிகள் எத்தனை என்று கேட்டால், படம் தபால் கார்டானாலும் கோபுரமானாலும் விடை ஒன்றே: 3,438. ஆரத்துக்குச் சமமான வில்லில் இத்தனை கலைகள்தாம் உண்டு. கி.பி. 499இல் ஆரியபடர் தம்முடைய ஜ்யா (சைன்) வாய்பாட்டுக்கு ஆதாரமாகக் கொண்ட திரிஜ்யாவும், அதாவது ஆரமும், இதே எண்தான் என்பது இந்த விவாதத்துக்கு அவசியமில்லை. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் அமைந்த படத்துக்கு இது 2,860க்கு 1,907, மொத்தம் 54½ லட்சம் பிக்சல் ஆகிறது. அந்தப் பிளெக்ஸ் கடை இளைஞர் எந்தக் கணக்கும் போடாமல், தொழில் பழக்கத்தினாலேயே வந்து நின்ற 54 லட்சத்தை வாசகர் நினைவுகூர வேண்டுகிறேன்.

ஆக, பெரிய அச்சுக்கு நிறைய பிக்சல் வேண்டும் என்பதில் உள்ள "ஆகையால்" உடைந்து விழுகிறது. படத்தைப் பெரிதாக்குகிறவன் பார்க்கிறவனையும் பின்னால் தள்ளுகிறான். புள்ளி பெரிதாகிற அதே வீதத்தில் தூரமும் பெரிதாகிறது. கண்ணில் விழும் கோணம் மாறுவதே இல்லை. ஐந்தரை மெகாபிக்சல் என்பது குறைந்தபட்சம். காமிராவின் ஒவ்வொரு பிக்சலும் உண்மையில் ஒரே நிறத்தைத்தான் அளக்கிறது, மற்ற இரண்டு நிறங்களை அண்டையயலாரிடம் கடன் வாங்கித்தான் பூர்த்தி செய்துகொள்கிறது என்பதனால் (கோடக் கம்பெனியின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது) கொஞ்சம் தள்ளுபடி வேண்டும். பார்க்கிறவன் ஆவல் மிகுந்து பாதித் தூரம் முன்னால் வந்துவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் நான்கு மடங்கு, அதாவது 22 மெகாபிக்சல்தான் ஆகிறது. இன்று சாதாரணக் கடைகளில் கிடைக்கும் காமிராக்கள் 24 தருகின்றன.

கணக்கை நம்பாதவர்களுக்குப் பிரத்தியட்சப் பிரமாணம் இருக்கிறது. சினிமாக் கொட்டகைக்குப் போய் உட்காருங்கள். டிஜிட்டல் சினிமாவுக்கு 2கே என்று ஏற்படுத்திய அளவு 2,048க்கு 1,080. மொத்தம் 22 லட்சம் பிக்சல். நாற்பதடி அகலத் திரையில் அது அங்குலத்துக்கு நாலேகால் பிக்சல் ஆகிறது. ஒவ்வொரு பிக்சலும் ஏறக்குறைய ஒரு துவரம்பருப்பு அளவு. கதாநாயகியின் கண்ணிமை மயிரைத் தனித்தனியே பார்த்து உருகுகிற ரசிகன் எவனும் எழுந்து, "முன்னூறு டிபிஐ இல்லை, காசைத் திருப்பிக் கொடு" என்று கேட்டதாகக் கேள்வியில்லை. ஓடும் படத்தில் ஒரு சட்டத்தின் குறையை அடுத்த சட்டம் ஈடுசெய்கிறது என்று ஆக்ஷேபிக்கலாம், உண்மைதான். ஆனால் இடைவேளையில் ஓடாமல் நிற்கிறதே விளம்பர ஸ்லைடு, அதையும் இதே கண்தான் பார்க்கிறது.

நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 1950 முதல் 1990 வரை கோடக் கம்பெனி 18 அடி உயரம், 60 அடி அகலத்தில், பின்னால் விளக்கெரியும் வர்ணப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக மாட்டிவந்தது. கலராமா என்று பெயர். முதலில் பெரிய தகட்டுக் காமிராக்களைத்தான் உபயோகித்தார்கள். ஆனால் பிற்காலத்தில், நம் வீட்டுக் காமிராக்களில் போட்ட அதே 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்த படமும் அந்த அறுபதடிக்கு ஏறியது. 36 மில்லிமீட்டர் அகலம் அறுபதடி ஆவதென்றால் 508 மடங்கு உருப்பெருக்கம். ரயிலுக்கு அவசரமாகப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அண்மைக் காலத்தில், 2015இல், ஆப்பிள் கம்பெனி ஐபோன் 6இல் ஜனங்கள் எடுத்த படங்களை உலகத்தின் பல நகரங்களில் மாபெரும் விளம்பரப் பலகைகளாக நிறுத்தியது. அந்தப் போனின் காமிரா 8 மெகாபிக்சல். என்னுடைய படித்துறைப் படத்தை நிராகரித்த விதி, அந்தப் பலகைகள் ஒவ்வொன்றையும் நிராகரித்திருக்க வேண்டும்.

இவ்வளவு தூரம் போவானேன்? சென்னை மௌண்ட் ரோட்டில் பிளெக்ஸ் வருவதற்கு முன் நின்ற சினிமாப் பானர்களை நினைத்துப் பாருங்கள். ஒரு சிறிய ஸ்டில் போட்டோவின்மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, சாரத்தில் ஏறி நின்று வரைந்தார்கள். கன்னத்தின் செழுமைக்கு ஒரு முழ நீளத்துக்கு ரோஸ் வர்ணம் ஒரே வீச்சு. மூக்கின் நுனியில் பளபளப்புக்கு வெள்ளையில் ஓர் அப்பு. ஏணியருகில் போய்ப் பார்த்தால் அது எந்த நடிகர் என்று வரைந்தவருக்கே தெரிந்திராது. பஸ்ஸில் போகிறவன் எட்டிப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"பெரிய படத்துக்குப் பக்கத்தில் போய்ப் பார்க்கிறவர்கள் இல்லையா?" என்பது எதிர்க்கட்சியின் கடைசி அரண், அதில் கொஞ்சம் பலமும் உண்டு. ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி போன்றவர்கள் ஆளுயரத்துக்கு மேல் அச்சிடும் படங்களை மியூசியத்தில் பார்க்கிறவர்கள் முதலில் தூரத்தில் நின்று, பிறகு அருகில் போய், கடையில் அடுக்கியிருக்கும் ஒவ்வொரு பொட்டலத்தையும் படிக்க முயல்வார்கள்; படத்தின் ருசியே அதுதான். தேசப் படம், ஓலைச்சுவடி, கோயில் சுவரோவியம் இவற்றைப் பிரதி எடுக்கிறவருக்கும் இது பொருந்தும். அவர்கள் எத்தனை பிக்சல் வாங்கினாலும் தகும். கல்யாண ஆல்பமும் ஒரு வகையில் இந்த இனம். 12க்கு 36 அங்குலமாக விரியும் கரிஸ்மா ஆல்பத்தை மடியில் வைத்துத்தான் புரட்டுகிறார்கள். அதன் ஒரு பக்கம் 12க்கு 18. அதற்கு 300 வீதமே கணக்கிட்டாலும் 5,400க்கு 3,600, 19½ மெகாபிக்சல். 24 உள்ள காமிராவில் மிச்சமே இருக்கிறது. ஆனால் தெருவில் நிற்கும் பலகைக்கும் வரவேற்பு மண்டபத்துச் சுவருக்கும் மியூசியத்தின் விதியைச் சொல்வது, எல்லா வீட்டுக்கும் கருங்கல் சுவர்தான் வேண்டும் என்று கோயிலைக் காட்டி வாதிப்பதாகும்.

எதிர்க்கட்சியார் சொல்ல மறந்த ஒரு வழக்கை நானே எடுத்துக் கொடுக்கிறேன். அவர்களுக்கு இதைவிட வலிய சாட்சி கிடைக்காது. வீட்டில் ஒரு பெரியவர் காலமாகிவிடுகிறார். மாலை போட்டு மாட்டத் தனிப்படம் இல்லை. பேரன் கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோ ஒன்றில், மூன்றாவது வரிசையில், யாரோ ஒருவருடைய சரிகை அங்கவஸ்திரத்துக்குப் பின்னால் அவர் நிற்கிறார். ஸ்டூடியோவில் அந்த முகத்தை மாத்திரம் வெட்டி எடுத்துப் பெரிதாக்கச் சொல்கிறார்கள். திரையில் அந்த முகம் 150 பிக்சல் அகலம் இருக்கிறது. கண் என்பது பத்துப்பன்னிரண்டு கட்டங்களில் ஒரு நிழல். இங்கே பிக்சல் உண்மையிலேயே போதாது, கணக்கும் தூரமும் உதவாது என்பது எனக்குத் தெரியும். ஸ்டூடியோக்காரர் அந்தக் கட்டங்களை மெழுகிக் கண்ணும் வாயும் எழுதி, கடைசியில் யாரோ ஒரு தூரத்து உறவினரைப் போன்ற ஒருவரைச் சட்டத்துக்குள் உட்காரவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் குரூப் போட்டோவை 24க்குப் பதில் 61 மெகாபிக்சல் காமிராவில் எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 150 பிக்சல் 240 ஆகியிருக்கும். லட்சங்கள் செலவழித்து வாங்குகிற லாபம் அவ்வளவே. போட்டோக்காரர் கூட்டத்தை விட்டு இறங்கி, மூன்றாவது வரிசைக்குப் போய், "தாத்தா, இப்படித் திரும்புங்க" என்று சொல்லி ஒரு படம் எடுத்திருந்தால் அந்த முகம் 2,000 பிக்சலில் கிடைத்திருக்கும்.

மெகாபிக்சல் என்ற எண்ணின் பெரிய மாயம் இதுதான். அது பரப்பளவின் எண். நாம் அதை நீளத்தின் எண்ணாக நினைத்து ஏமாறுகிறோம். 24ஐ 48 ஆக்கினால் படம் இரு மடங்கு பெரிதாக அச்சிடலாம் என்று நினைக்கிறவருக்கு உண்மையில் கிடைப்பது நூற்றுக்கு 41 வீதம் கூடுதல் அகலம். இரு மடங்கு வேண்டுமானால் 96க்குப் போகவேண்டும்.

அந்தக் கூடுதலையும் கைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது எளிதன்று. பெரிய குரூப் போட்டோவில் எல்லா வரிசையும் தெளிவாக வரவேண்டும் என்று எஃப் 16 துவாரத்தில் எடுக்கிறார்கள் அல்லவா? ஒளி சிறு துவாரத்தின் வழியே வரும்போது விளிம்பு விளைவினால் ஒவ்வொரு புள்ளியும் 21 மைக்ரான் அகலமுள்ள ஒரு வட்டமாகப் பரவிவிடுகிறது. 61 மெகாபிக்சல் காமிராவில் ஒரு பிக்சலின் அகலம் நான்கு மைக்ரான்கூட இல்லை. ஐந்தாறு பிக்சல் அகலத்துக்கு ஒரே வட்டம் படுத்துக்கொண்டிருக்கும்போது, பிக்சலை எண்ணி என்ன பயன்? கையின் நடுக்கம் வேறு. 50 மில்லிமீட்டர் லென்ஸ் வைத்த 24 மெகாபிக்சல் காமிராவில் ஒரு பிக்சல் என்பது 25 விகலை. ஒரு கலையின் பாதியைக்கூட எட்டாத கோணம். ஷட்டர் திறந்திருக்கிற அந்த நொடிப்பின்னத்துக்குள் கை அவ்வளவு அசைந்தாலே ஒரு பிக்சல் போயிற்று. விருந்தினர் தள்ளுகிற மேடையில் நின்று, முக்காலியை வண்டியிலேயே விட்டுவிட்டு வந்து, கைப்பிடியில் எடுத்த படத்தை, அதன் காமிரா எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுகிறார்கள். நான் பார்த்த மங்கலான பெரிய அச்சுக்களில் பெரும்பாலானவை பிக்சல் உடைந்து கெட்டவை அல்ல. கண்ணில் நிற்க வேண்டிய ஃபோகஸ் காதிலோ ஜிமிக்கியிலோ நின்று கெட்டவை, கை அசைந்து கெட்டவை, எல்லாவற்றுக்கும் மேலாக வாட்ஸ்அப்பில் அனுப்பிக் கெட்டவை. காமிராவில் 24 மெகாபிக்சலாகப் பிறந்த படத்தை அது அனுப்பும்போதே சுருக்கிப் பிழிந்துவிடுகிறது. கடைக்காரருக்குப் போய்ச் சேருவது சக்கைதான். பழியோ காமிராவின்மேல்.

திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சாதாரணக் கம்ப்யூட்டர்த் திரை அங்குலத்துக்கு ஏறக்குறைய 96 பிக்சல். 24 மெகாபிக்சல் படத்தை அதில் முழுப் பிக்சலாக விரித்தால், ஐந்தடிக்கு மேல் அகலமான அச்சை இரண்டடி தூரத்தில் மூக்கை நீட்டிப் பார்ப்பதற்குச் சமம். 61 வாங்கினால் அதே மேஜையில் எட்டேகால் அடி அகலப் படத்தைப் பார்க்கிறார்கள். குறைகள் அதிகமாகவே தென்படும். பிறகு நல்ல லென்ஸ் வேண்டும் என்று கடைக்குப் போகிறார்கள். எண் ஒன்று இருந்தால் விலை சொல்வது சுலபம். ஒளி எப்படி விழுந்தது என்பதற்கு எண் கிடையாது.

நிற்க. மணிவிழாப் பலகையின் கதை பாக்கி இருக்கிறது. என் கணக்கைக் கேட்டபின் அந்த இளைஞர், நம்பினாரோ, தொலையட்டும் என்று நினைத்தாரோ, படித்துறைப் படத்தையே போட்டுக் கொடுத்தார். பிக்சல் கட்டங்கள் தெரியாதபடி மென்மையாக விரித்து, ஓரத்தில் கொஞ்சம் கூர்மை ஏற்றி, அவர் செய்த வேலை நேர்த்தியாகவே இருந்தது. பந்தல் முகப்பில் நின்ற அதைப் பார்த்து வந்தவர்கள் எல்லாரும், இது என்ன சச்சரவு, யார் ஜெயித்தார்கள் என்று அக்காளைக் கேட்டார்களே ஒழிய, எத்தனை மெகாபிக்சல் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. விழா முடிந்த மறுநாள், ஊர் வழக்கப்படி, மரச்சட்டத்தைப் பந்தல்காரர் கழற்றிக்கொண்டு போக, பிளெக்ஸ் துணியை அத்தான் கொல்லைக்குக் கொண்டுபோய் மழை படாமல் வைக்கோற் போரின்மேல் போர்த்திக் கயிற்றால் கட்டிவிட்டார். போன மாதம் போயிருந்தபோது பார்த்தேன். வெயிலில் அக்காளின் புடவைச் சிவப்பு வெளுத்து ஆரஞ்சாகியிருந்தது. அத்தானின் முகம் வாசற்படியிலிருந்து பார்க்கையில் அதே சிரிப்போடு இருந்தது. கிட்டத்தில் போய்க் குனிந்து பார்த்தேன். எள்ளு இறைத்தாற்போல் மைத்துளிகள், அவற்றுக்கு அடியில், உற்றுப் பார்த்தால், பிக்சலும் தெரியத்தான் செய்கிறது. அந்தத் தூரத்தில் நின்று அதைத் தினமும் பார்க்கிறது ஒரு கன்றுக்குட்டி. ஓரத்தைத் தூக்கி வைக்கோலை இழுப்பதற்காக அது முகத்தை வைத்துத் தள்ளித் தள்ளி, அத்தானின் இடது முழங்கைப் பக்கம் கொஞ்சம் கிழிந்தும் இருக்கிறது.